கூட்டரிசி தின்ற அணில்

ராயபுரத்தில் கடலை ஒட்டி இருந்த அரிசிக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிற ஆண்களைப் பற்றிப் பேச ஊரில் ஆள் உண்டு. கிடங்கைக் கூட்டுகிற பெண்களைப் பற்றி யாரும் பேசினதில்லை. பேசுகிற அளவுக்கு அவர்கள் என்ன செய்துவிட்டார்கள்? துடைப்பமும் முறமுமாகக் காலையில் உள்ளே போவார்கள். சாயங்காலம் தலைமயிரிலிருந்து புருவம்வரை தவிட்டுத் தூசி படிந்து வெள்ளைவெளேரென்று வெளியே வருவார்கள். அப்படி வெளியே வந்தவர்களில் ஒருத்தி குப்பம்மா.

அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், இதையாவது குப்பை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்று பெற்றவள் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி வைத்த பெயர் அது. எமன் ஏமாந்துதான் போனான். ஆனால் அவள் வளர்ந்து வாயைத் திறந்தபிறகு அவனே திரும்பி வந்திருந்தாலும் வாசலோடு போயிருப்பான். குழாயடியில் குப்பம்மா வந்து நின்றால் குடங்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும் என்று சொல்வார்கள். அவளுக்கு அன்பு இல்லை என்று சொன்னால் பாவம். இருக்கிற அன்பும் திட்டாகத்தான் வெளியே வரும், அதுதான் கோளாறு. "சாப்டியா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் "கொட்டிக்கினியா இல்லியா?" என்று கேட்பாள்.

புருஷன் வரதன் படகில் சுமை இறக்குகிறவன். ரங்கூனுக்குப் போய் நாலு காசு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினான். அவன் வரவில்லை. அரிசிதான் கப்பல் கப்பலாக வந்தது. "அந்த ஆளு வராங்காட்டியும் போவுது, அரிசியாச்சும் அனுப்பினு கீறான்" என்று குப்பம்மா சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு மூக்கைச் சிந்துவாள்.

அவர்களுக்கு ஒரே பெண், அம்மு. எம்டன் கப்பல் சென்னைமேல் குண்டு போட்டபோது குப்பம்மா அவளை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். எண்ணெய்த் தொட்டி எரிகிற வெளிச்சத்தில் ராயபுரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. குப்பம்மாவும் ஓடினாள். டோல்கேட்டைத் தாண்டி, திருவொற்றியூரைத் தாண்டி, சடையங்குப்பத்தில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். படியேறுவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. "பயத்துல வுழுந்த புள்ள. நிக்காது" என்று மருத்துவச்சி கையை விரித்தாள். பஞ்சில் சுற்றி, முறத்தில் படுக்கவைத்து, பக்கத்தில் சாம்பல் சட்டியைச் சூடாக வைத்து, திரியைப் பாலில் நனைத்து நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்தப் பிள்ளையைக் குப்பம்மா நிற்க வைத்தாள். பிள்ளைத்தாச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்பது அன்றைக்கு அவள் கற்ற பாடம். படிக்காதவள் கற்றது அந்த ஒன்றுதான். அதைக் கடைசிவரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அம்முவை வியாசர்பாடியில் ரயில்வே பட்டறைக்காரன் ஜெயவேலுக்குக் கட்டிக் கொடுத்தாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குக் கல்மண்டபத்துப் பக்கம் இருந்த தன் குடிசைக்கு அழைத்து வந்தாள். அப்போதுதான் இந்த அணில் விஷயம் நடந்தது.

முதலில் கூட்டரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாக்கு கிழிந்து தரையில் சிந்துகிற அரிசியைக் கூட்டி, புடைத்து, நல்லதைக் கிடங்குக்குக் கொடுத்துவிடுவார்கள். மூலை முடுக்கிலும் சுவரோரத்திலும் நொய்யும் மண்ணுமாகக் கடைசியில் மிஞ்சுவது கூட்டினவளுக்கு. இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம்தான். அந்தப் பெண்கள் அதைக் கூட்டரிசி என்பார்கள். பாதி வீடுகளில் அதுதான் சோறு.

இந்த வழக்கத்தில் வாயை வைத்தவன் மேஸ்திரி நீலமேகம். அவன் பெண்டாட்டி ஆப்பக்கடை வைத்திருந்தாள். நல்ல சரக்கு வந்து சாக்கு கிழிந்துவிட்டால் போதும், "எலிக்குப் பாஷாணம் வெச்சிக்கீது, இன்னைக்கிக் கூட்டரிசிய ஒருத்தரும் தொடாதீங்க" என்று கத்துவான். பெண்கள் பயந்து கைவைக்காமல் போவார்கள். மறுநாள் அவன் பெண்டாட்டியின் ஆப்பம் மல்லிகைப்பூவாக இருக்கும். இரண்டு தடவை ஏமாந்தார்கள். மூன்றாம் தடவை குப்பம்மா அந்த ஆப்பத்தையே வாங்கித் தின்றுவிட்டு வந்து, "பாஷாணம் நல்லாத்தான் கீது மேஸ்திரி, தொட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல" என்றாள். அதற்குப் பிறகு மேஸ்திரி பாஷாணம் என்று சொன்னால், சரக்கு முதல்தரம் என்று அர்த்தம். எப்போதையும்விட ஒரு பிடி கூட அள்ளிக்கொள்வார்கள்.

அன்றைக்கும் அவன் சொன்னான். "இந்தத் தபா நெசமாவே வெச்சிக்கீது. மாவுல கலந்து மூட்டைங்க சந்துல வெச்சிக்கீறாங்க."

"போன தபாவும் நெசம்னுதான சொன்னே?" என்றாள் குப்பம்மா. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எப்பிடியாவது போங்கடி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். இன்னொரு தடவை அழுத்திச் சொல்ல அவனுக்கு முகமில்லை. பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்லும்போது பலம் இருக்காது. குப்பம்மா மடியை நிறைத்துக்கொண்டாள்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு பூவரச மரம் உண்டு. அதன் நிழலில்தான் பெண்கள் உட்கார்ந்து புடைப்பார்கள். அந்த மரத்தில் வால் பாதி இல்லாத அணில் ஒன்று இருந்தது. வாலைப் பூனை கொண்டுபோயிற்றோ பருந்து கொண்டுபோயிற்றோ தெரியாது. குப்பம்மா அதை மொட்டை என்று கூப்பிடுவாள். முறத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் தலைகீழாக இறங்கி வந்து, அவளுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பிடி நொய் போடுவாள். முன்னங்கால் இரண்டாலும் எடுத்து எடுத்து அது தின்னும். "துன்னு துன்னு, ரங்கூன் அரிசி" என்பாள். அன்றைக்கும் போட்டாள்.

மறுநாள் முறத்தைத் தட்டினாள். அணில் வரவில்லை. மரத்தடியில் சருகு சரசரத்தது. போய்ப் பார்த்தாள். மொட்டை முன்னங்காலால் மரத்தைப் பற்றி ஏறப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் துணிபோலக் கிடந்தன. வாயிலிருந்து நீர் ஒழுகியது. கொஞ்சம் ஏறும், விழும். திரும்பவும் ஏறப் பார்க்கும்.

மேஸ்திரி சொன்னது குப்பம்மாவுக்கு நினைவு வந்தது. நிஜமாகவே வைத்திருக்கிறார்கள். தன் கையாலேயே அள்ளிப் போட்டோமே என்று ஒரு நொடி அணிலை நினைத்தாள். அடுத்த நொடி அம்முவை நினைத்தாள்.

அம்முவுக்குப் பச்சையாக அரிசி தின்கிற பழக்கம். சிறு பெண்ணாக இருந்ததிலிருந்தே உண்டு. "அரிசி துன்னா கண்ணாலத்துல மழ வரும்டீ" என்று குப்பம்மா முதுகில் ஒன்று வைப்பாள். சொன்னாற்போலக் கல்யாணத்தன்று பந்தல் ஒழுகுகிற மழை. தாலி ஏறுகிற நேரத்தில்கூட "பாத்தியா, சொன்னேன்ல" என்று மகள் காதில் சொன்ன தாய் அவள். வயிற்றில் பிள்ளை வந்தபிறகு அந்த ஆசை பத்து மடங்காகிவிட்டது. "சோகை புடிச்சி சாவப் போற" என்று அம்மா கத்த, அம்மு ஒளித்துத் தின்னப் பழகியிருந்தாள். சோற்றரிசியை மூன்று தண்ணீர் களைந்துதான் உலையில் போடுகிறோம், அதில் விஷம் போய்விடும் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். களையாத அரிசியை வாயில் போட்டு மெல்லுகிறவளை என்ன செய்வது?

கூட இருந்த பெண்களைக் கூப்பிட்டு அணிலைக் காட்டினாள். "நெசமாவே வெச்சிக்கீறான்டீ. வூட்டாண்ட ஓடுங்க. கொண்டுபோனத அப்பிடியே கொட்டுங்க. துன்னவங்க யாருனா இருந்தா சொல்லுங்க" என்றாள். அவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். நல்லவேளையாக அந்த வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கெல்லாம் வாய்விட்டுச் சொன்ன இவள், தன் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதை.

அணிலை முந்தானையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. வழியெல்லாம் குப்பம்மா யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். பாஷாணம் என்று சொன்னால் இந்தப் பெண் மிரண்டுவிடும். மிரண்டால் பிள்ளை விழுந்துவிடும். அவளுக்குத் தெரியாதா?

"அரிசி துன்னியாடீ?" என்று கேட்டாள். பக்குவமாகத்தான் கேட்க நினைத்தாள். வாய்க்குப் பழகின குரல்தான் வந்தது.

"இல்லம்மா."

"நேத்து கொண்டாந்தத?"

"நா எதுக்குத் தொடப்போறேன்? அதான் நீ திட்றியே."

"அங்காளம்மா சத்தியமா?"

"சத்தியமா," என்றாள் அம்மு. சீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எத்தனையோ முறை செய்த பொய்ச் சத்தியம், அதோடு இதுவும் ஒன்று. குப்பம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் நம்ப விரும்பினாள். நம்பிவிட்டாள்.

பானையிலிருந்த அரிசியை மூட்டையாகக் கட்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினாள். "நல்ல அரிசியாச்சேம்மா" என்று அம்மு அங்கலாய்த்தாள். "புழு வெச்சிப்போச்சி" என்றாள் குப்பம்மா.

அடுத்த வீட்டு ஃப்ளோரா பிரசவ ஆசுபத்திரியில் ஆயா. மாதா கோயில் மணி அடித்தால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் அவளுடைய கோழிகளோடு சண்டை போடுவாள். குப்பம்மா அவளிடம் போய் அணிலைக் காட்டி, பாஷாணம் பட்டதற்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள்.

"அணிலுக்கா வைத்தியம்? யக்கா, உனுக்குப் பொழுது போவலியா?" என்று சிரித்தாலும் ஃப்ளோரா ஒரு முட்டையை எடுத்துக் கொடுத்தாள். "வெள்ளக்கருவ மோர்ல அடிச்சிக் குடு. அடுப்புக் கரிய நல்லா நுணுக்கித் தண்ணியில கலக்கிக் குடு. மன்சாளுன்னா இதெல்லாம் ஆவாது, ஆசுபத்திரிக்கி இஸ்துகினு போயிரணும். வயித்தக் கழுவி வுட்டாத்தான் பொழப்பாங்க."

"மன்சாளுக்கு இல்ல. அணிலுக்குத்தான்," என்று குப்பம்மா அவசரமாகச் சொன்னாள்.

ஆசுபத்திரி கூப்பிடு தூரம்தான். போயிருக்கலாம். போனால் எதற்கு என்று அம்மு கேட்பாள். எந்த அரிசி, எங்கே எடுத்தாய் என்று டாக்டர் கேட்பார். மேஸ்திரி தொடாதே என்று சொன்னதைத் தொட்டவள் என்று கிடங்கில் தெரியும். அப்புறம் கூட்டரிசி என்ற வழக்கமே அற்றுப்போகும், அத்தனை பெண்களும் இவள் தலையில் மண்ணை வாரிப் போடுவார்கள். இப்படி அவள் தனக்குத் தானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டாள். எல்லாமே நியாயமான காரணங்கள். மொத்தத்தில் அவள் டாக்டரிடம் போகாமல் அணிலிடம் போனாள். அப்படியே அம்மு தின்றிருந்தாலும் அணில் தின்றதைத்தான் தின்றிருப்பாள், அணிலைவிட அம்மு எத்தனை பெரியவள், இது பிழைத்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று கணக்குப் போட்டாள்.

பஞ்சை விரித்து அணிலை முறத்தில் படுக்க வைத்தாள். சாம்பல் சட்டியைப் பக்கத்தில் வைத்தாள். பதினேழு வருஷத்துக்கு முன் செய்த வேலையைக் கை மறக்கவில்லை. திரியைக் கரித்தண்ணீரில் நனைத்து வாயோரத்தில் விட்டாள். முதலில் எல்லாம் வழிந்தது. அணிலின் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. கழுத்தை விரலால் தாங்கிக்கொண்டு, "முழுங்குடா, முழுங்குடா நாயே" என்று கெஞ்சினாள். அவள் அகராதியில் அதைவிடப் பெரிய கொஞ்சல் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. குப்பம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உடனே எழுந்துபோய் இன்னொரு குவளையில் அதே கரித்தண்ணீரைக் கலக்கி அம்முவிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா இது, கருப்பா?"

"சூட்டுக்கு. குடி."

"அணிலுக்குக் குடுத்ததயே எனுக்கும் குடுக்கிற?"

"குடின்னா குடி. பேஜாரு பண்ணாத."

அம்மு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் இரண்டு பங்கு. மோரில் அடித்த வெள்ளைக்கரு அணிலுக்குத் திரியில், அம்முவுக்குக் குவளையில். இளநீர் அணிலுக்கு நாலு சொட்டு, அம்முவுக்கு ஒரு காய். எதைக் கேட்டாலும் சூட்டுக்கு என்றே பதில். குப்பம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மு தும்மினால் இவளுக்குத் தூக்கிவாரிப் போடும். அணில் அசையாமல் கிடந்தால் விரலை மூக்கண்டை வைத்துப் பார்ப்பாள். மனசு எத்தனை கல்லானாலும் இப்படி ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு இருப்பது நரகம்தான். அவளுக்குக் கல்மனசும் இல்லை.

அணில் பிழைக்கத் தொடங்கியது. முதலில் உதறல் நின்றது. பிறகு வாய் ஒழுகுவது நின்றது. ஒரு காலையில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு முறத்தின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தது. குப்பம்மா "அம்மு, அம்மு!" என்று கூவின கூவலில் ஃப்ளோரா ஏதோ வலி வந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள்.

"இதுக்கா இந்தக் கத்து கத்தினே? என் புருசன் இக்னேஷியஸ் காய்ச்சல்லேருந்து எழுந்தப்பகூட நான் இப்பிடிக் கத்தல" என்றாள்.

குப்பம்மா சிரித்தாள். நாள்பட அழுத்தின பாரம் இறங்கின சிரிப்பு அது. அங்காளம்மனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தாள். அணில் எழுந்துவிட்டது, அப்படியானால் அம்முவுக்கும் பயமில்லை. மறுநாளே முறத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் புறப்பட்டாள். "மொட்டையப் பாத்துக்க. மோரு மட்டும் குடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்முவுக்கும் அந்த அணில்மேல் பிரியம் வந்திருந்தது. முதல் நாள் பொறாமைப்பட்டவள்தான். அம்மா தன்னைக்கூட இப்படிக் கெஞ்சிக் கொஞ்சினதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அதன் நெஞ்சு துடிப்பதை விரலால் தொட்டுப் பார்க்கப் பார்க்க மனசு இளகிவிட்டது. வயிற்றில் இருக்கிறதும் இப்படித்தான் துடிக்கும் என்று நினைத்துக்கொள்வாள். தாயும் மகளும் வாய்ச்சண்டை இல்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அந்த நாட்களில்தான்.

சாயங்காலம் குப்பம்மா திரும்பி வந்தபோது அம்மு படுத்திருந்தாள். அணில் முறத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. வாயிலிருந்து நீர் ஒழுகியது. உதறல் திரும்பி வந்திருந்தது.

"இதுக்கு இன்னாடீ குடுத்தே?"

"மோரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

குப்பம்மா அணிலின் கீழே கிடந்த பஞ்சை விலக்கினாள். வெள்ளையாக இரண்டு மூன்று நொய் கிடந்தது. வீட்டில் இருந்தது கடையில் வாங்கின சிவப்பு அரிசி.

"இது எந்த அரிசி?" என்று கேட்டாள்.

அம்மு மெதுவாகத் தலைமாட்டுத் துணிச்சுருளுக்குள் கைவிட்டு ஒரு சிறு முடிச்சை எடுத்தாள். நொய் முடிச்சு. கசங்கி, பாதிக்குமேல் காலியாகி இருந்தது.

"திட்டாதம்மா. நீ கொண்டாந்த அன்னிக்கே கொஞ்சம் எடுத்து வெச்சிகினேன். புழுவெல்லாம் இல்ல, நான் நல்லாப் பாத்துட்டேன். சுத்தமாத்தான் கீது. ஆசையா இருந்துச்சி. மொட்டைக்கிகூட ரெண்டு போட்டேன், எப்பிடி எடுத்துத் துன்னிச்சி தெரியுமா?" என்றாள்.

புழு வைத்தது என்று சொன்னதால் புழு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அதனால் தின்றாள். அம்மா கடலில் கொட்டின அன்றும் கொஞ்சம் தின்றாள், அம்மா கரித்தண்ணீர் கலக்கின அன்றும் தின்றாள், அணில் எழுந்துவிட்டது என்று எலுமிச்சம்பழம் வைத்த அன்றும் தின்றாள்.

"அதுல பாஷாணம்டீ!" என்று குப்பம்மா அலறினாள். "எலிக்கி வெச்ச பாஷாணம்டீ அம்மு, நான் சொல்லாம வுட்டுட்டேன்டீ!"

அம்மு எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. காலையிலிருந்து வயிற்றை வலித்தது, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், கால் மரத்துக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதானே என்று பேசாமல் படுத்திருந்தாள். சொன்னால் அரிசி தின்றதுதான் காரணம் என்று அம்மா திட்டுவாள் என்று பயம்.

ஃப்ளோரா வந்தாள், கை ரிக்ஷா வந்தது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே நர்ஸ் கேட்பதற்கு முன்பே குப்பம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எந்தக் கிடங்கு, எந்த அரிசி, தான் எப்படி எடுத்து வந்தாள், எத்தனை நாளாகத் தெரியும், ஏன் சொல்லவில்லை, எல்லாம். யாரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாளோ அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். வேலை போகும், வழக்கம் போகும் என்பதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்த வாயை அணில் விழுந்த அன்றே திறந்திருக்கலாம்.

அம்முவின் வயிற்றைக் கழுவினார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை. ஃப்ளோராதான் துணியில் சுற்றி எடுத்து வந்து, முகத்தை மட்டும் திறந்து காட்டினாள். வேலையில் எத்தனையோ பார்த்தவள், அன்றைக்கு அவளும் அழுதாள். ஜெயவேல் பட்டறை உடுப்போடு வந்து ஒரு மூலையில் நின்றான். மாமியாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அணில் முறத்தில் விறைத்துக் கிடந்தது. இரண்டாம் தடவை பாஷாணத்தைத் தாங்குகிற சத்து அதற்கு இல்லை. குப்பம்மா குடிசைக்குப் பின்னால் குழி தோண்டி, பஞ்சோடு வைத்து மூடினாள். அழக்கூட இல்லை. அழுகையையெல்லாம் ஆசுபத்திரியில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

செய்தி கேட்டு நீலமேகம் ஆசுபத்திரி வாசல்வரை வந்தான். "நான்தான் சொன்னனே குப்பம்மா. நெசம்னு சொன்னனே" என்றான். அவன் நொந்துபோய்த்தான் சொன்னான். பழைய குப்பம்மாவாக இருந்தால் அந்த இடத்திலேயே அவனை உரித்து உப்புத் தடவியிருப்பாள். "சொன்னே மேஸ்திரி" என்று மட்டும் சொன்னாள். அவன் போய்விட்டான்.

சில நாள் அம்மு சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தாள். குப்பம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் அம்மு திரும்பாமலே கேட்டாள்.

"கிடங்குல எல்லார்கிட்டயும் சொன்னியாமே?"

"சொன்னேன்."

"எனுக்கு ஏம்மா சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு..."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். துன்னாம இருந்திருப்பேன் இல்ல?"

அம்முவின் குரலில் கோபம் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். குப்பம்மா மகளின் காலைப் பிடித்துவிட நினைத்துக் கையை நீட்டினாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஃப்ளோரா ஆசுபத்திரி அடுப்பில் பாலைக் காய்ச்சிக் குவளையில் ஊற்றிக் குப்பம்மாவிடம் கொடுத்தாள். குப்பம்மா அதை ஆற்றிக்கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். அம்மு குவளையை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"இதுல இன்னா கீது?"

"பாலுதான்டீ."

"பாலு மட்டுமா?"

"கொஞ்சம் சக்கர போட்டேன். வேற ஒண்ணுமில்ல. ஃப்ளோராவ வோணா கேளு."

அம்மு குவளைக்குள் பார்த்தாள். மூக்கண்டை கொண்டுபோய் முகர்ந்தாள். வாசலில் நின்ற ஃப்ளோராவைப் பார்த்தாள். ஃப்ளோரா ஆமாம் என்று தலையாட்டினபிறகுதான் குடித்தாள்.